ஸ்டார்ட்டா, பிகினா?

ஸ்டார்ட் (start), பிகின் (begin) ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'தொடங்கு' என்றுதான் பொருள். எழுதும்போது எதைப் போடுவது என்ற குழப்பம் பலருக்கும் வருகிறது.

பிறப்பு: இரண்டுமே பழைய ஆங்கிலச் சொற்கள்தான். பிகின் அப்போதிருந்தே தொடங்குவதைக் குறித்தது. ஸ்டார்ட்டின் பழைய பொருளோ துள்ளுவது, திடுக்கிடுவது. தொடங்குவது என்ற பொருள் வெகு பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. திடுக்கிட வைப்பதைச் சொல்லும் 'ஸ்டார்ட்டில்' (startle) என்ற சொல்லும் இதே குடும்பம். சத்தம் கேட்டு ஒருவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தால், கதைகளில் இன்றும் 'ஹி ஸ்டார்ட்டட்' என்று வரும். அங்கே எதுவும் தொடங்கவில்லை!

இயந்திரம்: ஸ்டார்ட் மட்டும்தான். 'பிகின் த கார்' தப்பு. புதுத் தொழில், பயணம் கிளம்புவது ஆகியவற்றுக்கும் ஸ்டார்ட்தான்.

தொனி: கூட்டம், விழா, முறையான அறிக்கை என்றால் பிகின் கொஞ்சம் கம்பீரம். பேச்சில் ஸ்டார்ட் இயல்பு.

இறந்தகாலம்: ஸ்டார்ட், ஸ்டார்ட்டட். அவ்வளவுதான். பிகினுக்கு பிகேன் (began), பிகன் (begun) என்று இரண்டு வடிவம். 'ஹேவ்' வந்தால் பிகன்தான். 'ஐ ஹேவ் பிகேன்' என்று எழுதுபவர்கள் ஏராளம்.

பின்னால் வரும் வினை: 'டு ரெயின்', 'ரெயினிங்' இரண்டும் இரண்டோடும் சேரும். ஆனால் 'இட் இஸ் ஸ்டார்ட்டிங்' என்று வந்துவிட்டால் 'டு ரெயின்' போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு 'இங்' காதை உறுத்தும்.

பேச்சு, மின்னஞ்சல், இயந்திரம், தொழில் என்றால் ஸ்டார்ட். மேடையுரைக்கும் முறையான எழுத்துக்கும் பிகின். சந்தேகமாக இருந்தால் ஸ்டார்ட்டையே போடுங்கள், இலக்கணத்தில் சறுக்க வாய்ப்பு குறைவு.