எட்டுத் துண்டுத் தொப்பி: பெரியகடையில் தைப்பிக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் கோட்டை மதிலடியிலும் பண்ணைக் கடலோரத்திலும் கலியாணப் படம் எடுக்க நிற்கிற மாப்பிள்ளைத் தோழர்கள் தலையில் இப்போது அடிக்கடி காண்பது எட்டுத் துண்டுத் தொப்பி, அதாவது எட்டுத் துணித் துண்டை உச்சியில் சேர்த்துத் தைத்து முன்னால் விளிம்பு வைத்தது. ஒரு ரீவித் தொடரின் பெயரால் ‘பீக்கி பிளைண்டர்ஸ் தொப்பி’ என்று கேட்டால்தான் கடைகளில் விளங்கும். இணையத்தில் வாங்குவது பெரும்பாலும் கம்பளி, அளவும் பிழைக்கும். பெரியகடைப் பக்கம் ஒரு சிறிய தையற்கடையில் இதை அளவெடுத்துத் தைத்துத் தருகிறார்கள். தொப்பி வேலை நல்ல வேலை, நம்பிக் கொடுக்கலாம். முன்விளிம்பை மட்டும் நீங்கள் சொல்லித்தான் செய்விக்க வேண்டும்.

இந்தத் தொப்பி பிழைப்பதும் கெடுவதும் தையல் விளிம்பில். எட்டுத் துண்டுக்கும் இரண்டு பக்கமாய்ப் பதினாறு விளிம்பு. ஒவ்வொன்றிலும் 1 மில்லிமீற்றர் கூடப் பிடித்துத் தைத்தாலே சுற்றளவில் 16 மில்லிமீற்றர் போய்விடும். நெற்றியில் வடு விழ அது போதும். இந்தக் கடையில் மட்டையில் அச்சு வெட்டி, தையல் கோட்டைச் சோக்கால் கீறிவிட்டுத்தான் மெசினில் வைக்கிறார்கள். 58 சென்ரிமீற்றர் தலைக்கு 1 சென்ரிமீற்றர் தளர்வு விட்டு, ஒவ்வொரு துண்டின் அடியும் 7.4 சென்ரிமீற்றர், இரு பக்கமும் 8 மில்லிமீற்றர் தையல் இடத்தோடு 9 சென்ரிமீற்றர். கணக்குச் சரி. தலைமுடி வெட்டிய பிறகே அளவு கொடுங்கள். அடர்ந்த முடியோடு கொடுத்த அளவு, ஒட்ட வெட்டியதும் காதில் வந்து இறங்கும்.

உச்சியும் வடிவாய் அமைகிறது. நான்கு நான்காக இரண்டு பாதி தைத்து, கடைசியில் நடுவால் ஒரே தையலாக இணைக்கிறார்கள். அவசர வேலைக்காரர் எட்டையும் வரிசையாகச் சுற்றிச் சேர்ப்பார்கள். கடைசித் துண்டின் நுனி விலகி ஓட்டை விழும், அதன்மேல் பொத்தானைப் போட்டு மறைப்பார்கள். வாங்கும்போது பொத்தானை விரலால் சரித்துப் பாருங்கள், எட்டு நுனியும் ஒரே புள்ளியில் முட்டியிருக்க வேண்டும்.

குறை முன்விளிம்பில். கடை வழக்கமாய் உள்ளே வைப்பது மட்டை. எங்கள் வெக்கையில் வியர்வை ஊறி, சில நாளில் அது அலையாய் நெளிந்துவிடும். 1 மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்ரிக் தகடு கேளுங்கள். பெரிய ஐஸ்கிறீம் வாளி மூடியை வெட்டிக் கொடுத்தாலும் வைத்துத் தைப்பார்கள். அதன்மேல் பிறகு ஸ்திரிக்கைப் பெட்டி படக்கூடாது. துணிக்கு லினன் அல்லது தடித்த பருத்தி அரை மீற்றர் போதும். கட்டம் போட்டது என்றால் கட்டம் பொருத்த முக்கால் மீற்றர். உள்துணி பருத்தியாகவே இருக்கட்டும்.

இதே கடையில் தைக்கிற வெயிஸ்கோட் சுமார். தோள் சரியாய் இருக்கிறது, ஆனால் துணியை முதலில் நனைத்துச் சுருக்காமல் ஒட்டுக் கன்வஸ் (சூட்டில் ஒட்டும் உள்விறைப்புத் துணி) போடுவதால் ஒரு கழுவலிலேயே நெஞ்சுப் பக்கம் கொப்புளிக்கிறது.

தொப்பியின் பெயருக்குரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீக்கி பிளைண்டர்ஸ் என்பது 1890களில் பர்மிங்காம் நகரின் ஏழைத் தெருக்களில் திரிந்த பொடியன்களின் கூட்டங்களுக்கு ஊரில் வழங்கிய பெயர். அதே பெயரில் 2013 இல் தொடங்கிய ரீவித் தொடர் கதையை 1919 க்குக் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் அங்கே ஓங்கியிருந்தது பில்லி கிம்பரின் பர்மிங்காம் போய்ஸ் என்ற வேறு கூட்டம். பழைய கூட்டத்தாரைப் பார்த்த ஒருவரின் வர்ணனையில் வருவது நீண்ட விளிம்புள்ள உருண்டை ஃபெல்ற் தொப்பி, அடி அகன்ற காற்சட்டை, பக்கிள் பெல்ற், ஆணி அடித்த சப்பாத்து. தொப்பி விளிம்பில் சவர பிளேட் தைத்திருந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. கழற்றி மாற்றும் பிளேட்டை ஜில்லெற் விற்கத் தொடங்கியதே 1903 இல்தான். அவர்கள் அடித்தது சப்பாத்தாலும் பக்கிளாலும் கல்லாலும். 1897 இல் ஜோர்ஜ் ஸ்னைப் என்ற பொலிஸ்காரர் எறிந்த செங்கல் பட்டுத்தான் செத்துப்போனார்.

இது தெரியாமல் பிளேட் செருக இடம் வைக்கச் சொல்லிக் கேட்கும் பொடியன்கள் இங்கும் இருக்கிறார்கள். கடைக்காரர் முகத்துக்கு நேரே மறுத்துவிடுகிறார். அதற்காகவே இந்தக் கடைக்கு இன்னொருமுறை போகலாம். வாள்வெட்டுச் செய்தி வாசித்து அலுத்த ஊரில், தலையில் இரும்பு வைத்துத் தைக்க ஒருவரும் துணைபோகக் கூடாது.

தலைமுடியிலும் அதே குழப்பம். அந்த வர்ணனையின்படி தலை முழுவதும் சிறைக் கைதிகள் போல ஒட்ட வெட்டி, முன்னுச்சி மட்டும் நீளமாய் விட்டு நெற்றியில் சரித்து ஒட்டியிருக்கும். சலூனில் ‘பீக்கி’ என்றால் உச்சி முழுவதும் நீளம் விட்டு, பக்கத்தை மட்டும் வழிப்பார்கள். தொடரின் தோற்றம் வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஒன்றாம் நம்பர், அதாவது 3 மில்லிமீற்றர், என்று சொன்னால் போதும்.

தொப்பி எடுக்க ஒரு கிழமை. ஆவணி, தை மாதக் கலியாண நாட்களில் இரண்டு கிழமை முன்னமே கொடுங்கள். கழுவுவது பச்சைத் தண்ணீரில் கையால். கவிழ்த்த சட்டியின்மேல் போட்டு நிழலில் காயவிடுங்கள். கொடியில் கொழுவினால் எட்டுத் துண்டும் எட்டுப் பக்கம் இழுபடும்.