மினரலா, சிந்தடிக்கா? இன்ஜினுக்கு ஒரு பதில், கிரவுனுக்கு இன்னொரு பதில்

என்னிடம் இரண்டு வண்டி ஓடுகின்றன. ஒன்று குவாரியில் கல் ஏற்றும் டிப்பர், இன்னொன்று நெடுந்தூரம் போகும் டிரெய்லர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் இரண்டுக்கும் இன்ஜின், கியர்பாக்ஸ், கிரவுன் (பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரத் தொகுதி) என்று எல்லா இடத்திலும் சிந்தடிக் ஆயில் ஊற்றினேன். இன்றைக்கு டிரெய்லரில் மூன்று இடத்திலும் அதுதான். டிப்பரில் கியர்பாக்ஸிலும் கிரவுனிலும் மட்டும் அது இருக்கிறது; இன்ஜின் மறுபடி சாதாரண மினரல் ஆயிலான 15டபிள்யூ-40க்கே (முதல் எண் குளிரில் ஆயில் எப்படி, இரண்டாவது சூட்டில் எப்படி என்பதைக் காட்டும்) போய்விட்டது. "ஏன் இப்படி அரையும் குறையுமா வச்சிருக்கே?" என்று கேட்காத ஆள் இல்லை.

எல்லாரும் சொல்வதை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். உறைய வைக்கும் குளிரில் ஸ்டார்ட் பண்ண சிந்தடிக் நல்லது. 15டபிள்யூ என்று எழுதிய ஆயிலுக்கு இன்ஜின் சுழலும் சோதனை மைனஸ் 20 டிகிரியில், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30ல். அந்த மாதிரிக் குளிரில் ராத்திரி வண்டி நிறுத்துகிறவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம், சிந்தடிக் வாங்கிக்கொள்ளலாம். டர்போ பக்கம் கருகிப் படிவதும் குறைவுதான். டீசல் மிச்சமாகுமா? ஆயில் மெலிசானால் ஒன்றிரண்டு சதவீதம் தேறலாம். ஆனால் லோடு, எதிர்க்காற்று, டயரில் இருக்கும் காற்று, டிரைவரின் கால் என்று நாலும் நாலு திசையில் இழுக்கிற என் கணக்குப் புத்தகத்தில் அந்த ஒன்றிரண்டு கண்ணுக்கே தெரியவில்லை. விலை கூடுதல் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டப்பாவின் முன்பக்கம் இருக்கும் 'சிந்தடிக்' என்ற சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம். அடிப்படை எண்ணெயை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறார்கள். முதல் மூன்றும் கச்சா எண்ணெயில் இருந்தே வருபவை. மூன்றாம் பிரிவை ஹைட்ரஜன் ஏற்றி உடைத்துச் சீராக்குவதால் அதன் பிசுபிசுப்புக் குறியீடு (எண் கூடக்கூட, சூட்டில் ஆயில் மெலிவது குறைவு) 120க்கு மேல் போகிறது. நான்காம் பிரிவுதான் பி.ஏ.ஓ. என்கிற, மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டியெடுத்த சரக்கு. எஸ்டர் போன்ற மீதியெல்லாம் ஐந்தில் வரும். மூன்றாம் பிரிவை சிந்தடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் ஒரு விளம்பரத் தகராறு வந்தது. 1999ல் தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம் போனது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால் நான் முன்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பின்பக்கம் ஏ.பி.ஐ. என்கிற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறி என்ன, வண்டிக் கம்பெனியின் ஒப்புதல் எண் என்ன, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருஷம் இரண்டு வண்டிக்கும் ஊற்றி இறக்கிப் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒரே ஒரு கேள்வி, அந்த இடத்தில் ஆயில் எதனால் சாகிறது என்பதுதான். அழுக்கினாலா, சூட்டினாலா? சிந்தடிக்கின் பெரிய பலம் சூட்டைத் தாங்குவது, சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருப்பது. சூடு 10 டிகிரி ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பட்டறைக் கணக்கு. சூட்டில் சாகிற ஆயிலுக்கு சிந்தடிக் உயிர் கொடுக்கும். அழுக்கில் சாகிற ஆயிலுக்கு அது என்ன செய்யும்? அழுக்கானது அழுக்கானதுதான். வெள்ளைச் சட்டை பட்டில் தைத்ததா பருத்தியில் தைத்ததா என்று சேறு பார்ப்பதில்லை.

டிப்பர் இன்ஜினில் நடந்தது அதுதான். குவாரியில் அந்த வண்டி ஓடுவதைவிட நின்றுகொண்டு உறுமுவதுதான் அதிகம். லோடருக்காக வரிசையில் கால் மணி, எடை மேடையில் கால் மணி, பிறகு முதல் கியரில் ஏற்றம். கிலோமீட்டர் ஏறாது, மணி மட்டும் ஏறும். அங்கே ஆயிலில் சேர்வது புகைக்கரியும் எரியாமல் வழிகிற டீசலும். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் இன்ஜின் என்பதால் கரி இன்னும் கூடுதல். புது சிந்தடிக் ஊற்றி மூன்றாம் நாள் டிப் ஸ்டிக்கை உருவினால் துணியில் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. கறுப்பதில் தப்பில்லை, கரியைப் பிடித்து மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. ஆனால் பிடிக்கிற பைக்கும் ஒரு கொள்ளளவு இருக்கிறதே. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ஆக்சிஜனேற்றம் ஒன்றுமே இல்லை, அமிலத்தை அடக்கும் டி.பி.என். பாதிக்கு மேல் மிச்சம். புகைக்கரி மட்டும் எல்லைக்கோட்டில், டீசல் கலப்பால் பிசுபிசுப்பும் இறங்கியிருந்தது. அதாவது பாதி உயிரோடு இருந்த ஆயிலை, அதுவும் சம்ப் (இன்ஜினின் ஆயில் தொட்டி) நிறைய, கீழே ஊற்ற வேண்டி வந்தது. இரண்டு முறை ஊற்றியபின் மனசு கேட்கவில்லை. நல்ல சி.கே-4 (டீசல் இன்ஜின் ஆயிலுக்கான ஏ.பி.ஐ. தரம்) மினரலை வாங்கி, மணிக்கணக்குப் பார்த்து நேரத்துக்கு மாற்றுவதே அந்த இன்ஜினுக்குப் போதும். பழைய இன்ஜின், ஆயில் குடிக்கிற இன்ஜின் என்றாலும் இதே கதை; குடித்து எரிக்கப் போவதற்கு விலை உயர்ந்ததை ஊற்றுவானேன்.

டிரெய்லர் இன்ஜின் வேறு ஜாதி. ஒருமுறை சூடானால் எட்டு மணி நேரம் அதே சூட்டில், அதே சுற்றில் ஓடும். கரி மெதுவாகச் சேரும், டீசல் ஒழுகாது, ஆயிலைத் தின்பது காலமும் சூடும்தான். அங்கே 10டபிள்யூ-40 சிந்தடிக்குக்கு வண்டியின் கையேடே நீண்ட இடைவெளி கொடுத்திருக்கிறது, லேப் சாம்பிளும் ஒவ்வொரு தடவையும் அதை ஆமோதிக்கிறது. கையேடும் லேபும் இரண்டும் சொல்லாமல் இடைவெளியை இழுக்க வேண்டாம். டப்பாவில் எழுதியிருப்பது உங்கள் இன்ஜினைப் பார்த்து எழுதியதல்ல.

கிரவுன் பக்கம் வந்தால் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. அங்கே சிந்தடிக்தான்.

யோசித்துப் பாருங்கள். கிரவுனை மூடியிருக்கும் ஹவுசிங்குக்குள் எதுவும் எரிவதில்லை. கரி இல்லை, டீசல் இல்லை, புகை இல்லை. ஆயில் கசியாமல் தடுக்கும் சீலும், உள்காற்று வெளியேறும் பிரீதரும் ஒழுங்காக இருந்தால் வெளி அழுக்கும் இல்லை. இருப்பதெல்லாம் பத்துப் பதினைந்து லிட்டர் ஆயில், அதைச் சதா கடைந்துகொண்டிருக்கும் கிரவுன் வீல், அதன் நடுக்கோட்டுக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். அப்படித் தள்ளி வைத்ததால் பல்லோடு பல் உருள்வது மட்டுமல்ல, தேய்த்துக்கொண்டு வழுக்கவும் செய்கிறது. அந்த வழுக்கலுக்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த, ஜி.எல்-5 என்ற ஏ.பி.ஐ. தரத்து கியர் ஆயில். அங்கே ஆயிலைக் கொல்வது சூடு ஒன்றுதான், அது சிந்தடிக்கின் சொந்த மைதானம்.

மினரல் 80டபிள்யூ-90யும் சிந்தடிக் 75டபிள்யூ-90யும் 100 டிகிரியில் கிட்டத்தட்ட ஒரே தடிமன். 90 என்ற எண்ணுக்கு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) வரை என்று வரம்பு இருக்கிறது. வித்தியாசம் 40 டிகிரியில். அங்கே மினரல் 140 பக்கம் நிற்கும், சிந்தடிக் 100 பக்கம். அதாவது வேண்டிய சூட்டில் அதே படலம், வேண்டாத நேரத்தில் குறைந்த கடைதல். கடைதல் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஆயிலும் நிற்கும். அதே ஏற்றம், ஏறக்குறைய அதே லோடு, மேலே போய் நிறுத்தி ஹவுசிங்கின் அதே இடத்தில் வெப்பமானித் துப்பாக்கியைக் காட்டிப் பார்த்தேன்: மாற்றியபின் ஏழெட்டு டிகிரி குறைவு. வெயில் இரண்டு நாளும் ஒன்றாக இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், அதனால் அதில் பாதியை மட்டும் நம்புங்கள். பாதியே போதும்.

எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கில் இருக்கும் காந்தம். மினரல் காலத்தில் அதைக் கழற்றினால் நுனியில் ஒரு விரல்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு, அதில் ஊசிமுனை மாதிரி மின்னும் துகள்கள், தொட்டால் நறநற. ஆயிலில் கருகிய பூண்டு வாடை. இந்தத் தடவை, அதைவிட இரண்டு பங்கு கிலோமீட்டர் ஓடியபின் கழற்றியதில் மெல்லிய பூச்சு, விரலுக்கிடையே தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்கல். அந்த நைசான பூச்சு எந்தக் கிரவுனிலும் வரும், பயப்பட வேண்டாம். சீவல் வந்தால்தான் பயப்பட வேண்டும். ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: புது வண்டியின் முதல் ஆயிலில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்பு நிறைய இருக்கும், அதையும் இதையும் ஒப்பிடக் கூடாது.

கியர்பாக்ஸில் காரணம் வேறு. காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பது போய்விட்டது, டிரைவர் முதல் நாளே கவனித்துச் சொன்னார். ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பெட்டிக்கு பெரும்பாலும் ஜி.எல்-4தான் கேட்பார்கள். ஜி.எல்-5ல் கந்தகச் சேர்மானம் அதிகம், சில வகைகள் சூட்டில் மஞ்சள் உலோகத்தை அரிக்கும். "எல்லாம் 75டபிள்யூ-90தானே" என்று கிரவுன் ஆயிலின் மிச்சத்தைக் கியர்பாக்ஸில் ஊற்றுவது நடக்கக்கூடிய தப்பு. சிந்தடிக்கா மினரலா என்பதைவிட இது பெரிய கேள்வி.

மாற்றிய மூன்றாம் மாதம் டிரெய்லரின் பினியன் சீலில் கசிவு. மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன் தம்பி, சிந்தடிக் மெலிசு, கசியும்." சீலை மாற்றினோம். இரண்டு வாரத்தில் திரும்பவும் ஈரம். நானும் கிட்டத்தட்ட அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிறகுதான் ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் நினைவுக்கு வந்தது. கழற்றி ஊதினால் காற்றே போகவில்லை. உள்ளே செங்கல் மாதிரி சுட்ட மண். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, போக வழியில்லாமல் சீல் வழியே ஆயிலைத் தள்ளியிருக்கிறது. கம்பி விட்டுக் குத்தி, டீசலில் ஊறவைத்து மாட்டியதோடு கசிவு நின்றது. அண்ணன் சொன்னதில் துளி உண்மையும் இல்லாமலில்லை: பி.ஏ.ஓ. தனியாக ரப்பரைச் சற்றுச் சுருக்கும், அதனால்தான் தயாரிப்பவர்கள் ரப்பரை உப்ப வைக்கும் எஸ்டரைச் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள். பத்து வருஷ சீல், கசடு படிந்தே நிற்கிற சீல் என்றால் மாற்றும்போதே புதுசு போட்டுவிடுவது நல்லது.

நீண்ட இடைவெளிக்கு எதிராக ஒரு வாதத்தை நானே வைக்கிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் வைக்க மாட்டார்கள். ஆயில் மாற்றும் நாள் என்பது வெறும் ஆயில் மாற்றும் நாளல்ல. வருஷத்தில் யாரோ ஒருவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கும் நாள் அது. அன்றுதான் சுழல் தண்டை இணைக்கும் கிராஸ் ஜாயின்ட்டை ஆட்டிப் பார்ப்பார்கள், அச்சைப் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தால் கண்ணில் படும், கிரீஸ் ஏறும். இடைவெளியை இரட்டிப்பாக்கியபோது அந்த நாட்களையும் பாதியாக்கிவிட்டேன். டிரெய்லரில் ஒரு கிராஸ் ஜாயின்ட் காய்ந்து கீச்சிட்டபிறகுதான் உறைத்தது. இப்போது ஆயிலைத் தொடாமலே பழைய இடைவெளியில் வண்டியைக் குழியில் ஏற்றி கிரீஸும் சோதனையும் நடக்கிறது. இதைச் செய்ய மாட்டேன் என்கிறவர் மினரலை ஊற்றி அடிக்கடி மாற்றுவதே மேல்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என் கையில் ஓடியதில்லை, அதனால் அதற்கு என் அனுபவம் செல்லாது. டார்க் கன்வெர்ட்டரும் உராய்வுத் தட்டுகளும் உள்ள பெட்டிக்குக் கம்பெனி கேட்கிற திரவத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள் என்பது மட்டும் நிச்சயம். கிரவுனிலும் என் டிரெய்லர் மாற்றியபின் மூன்று லட்சம் கிலோமீட்டரைத்தான் தாண்டியிருக்கிறது. ஐந்து லட்சத்தில் பற்கள் எப்படி இருக்கும் என்பதை அப்போது திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கிளீனர் பையன் ஒருநாள் ஜி.எல்-5 கேனோடு கியர்பாக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்ததில் இருந்து, கிரவுன் கேன்களுக்கெல்லாம் மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.