மண்சட்டிக் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு: நாலு வருஷ அனுபவம்

பாளையங்கோட்டையில் மண்பாண்டக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு பெரும்பாலும் காருகுறிச்சியிலிருந்து வருகிறது. சட்டி வாங்கியவர்களை 2021-ல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கத் தொடங்கினேன். சின்ன வியாபாரம் செய்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் குழு உயிரில்லாமல் கிடந்தது. தப்பு என்னுடையது. கடைக்கு வந்தவர்களை எல்லாம் கேட்காமலே சேர்த்துவிட்டேன். தினமும் காலையில் சட்டிப் படம், விலை, தள்ளுபடி. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும்; அதை நிரப்புவதிலேயே குறியாக இருந்தேன். குட்மார்னிங் படங்கள் வரத் தொடங்கியதும் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டினேன். இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோனது.

சரி, திறந்துதான் பார்ப்போம் என்று ஒருநாள் பூட்டை எடுத்தேன். அன்று ராத்திரியே சென்னையிலிருந்து ஒரு அம்மா படம் போட்டார். புதுச் சட்டியின் அடியில் முத்து முத்தாக நீர் கசிந்து நிற்கிறது. "அண்ணாச்சி, ஓட்டைச் சட்டியைக் குடுத்துட்டீங்களே?" நான் கடையடைத்து வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குள் அம்பாசமுத்திரத்து அக்கா ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "ஓட்டையெல்லாம் இல்ல தாயி. வடிச்ச கஞ்சிய ஊத்தி ராத்திரி பூரா வையுங்க. பெறவு கழுவிட்டு மறுபடியும் ஊத்துங்க. அஞ்சாறு நாள் பழக்குனா சரியாயிரும்."

மண்ணில் நுண்துளை இருக்கத்தான் செய்யும். கஞ்சியின் மாவுச்சத்து அதில் போய் அடைத்துக்கொண்டால் கசிவு நிற்கும். இதையே நான் சொல்லியிருந்தால், விற்றவன் சமாளிக்கிறான் என்றுதான் அந்த அம்மா நினைத்திருப்பார். ஒரு வாரம் கழித்து அதே சட்டியில் சொதி வைத்துப் படம் போட்டார். அதுவரை வாய் திறக்காத பலர் அன்று பேசினார்கள்.

அதிலிருந்து என் வேலை மாறியது. யாராவது கேள்வி கேட்டால் உடனே பாய்ந்து பதில் சொல்வதில்லை. அரை மணி நேரம் பொறுப்பேன். யாரும் சொல்லாவிட்டால் அன்றைக்குள் நான் சொல்லிவிடுவேன். முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காதவர் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

பெரிய அடி 2022-ல் விழுந்தது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். யாரோ அதை எடுத்துக் கடன் தருகிறோம் என்று பெண்களுக்கு போன் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் வெளியேறினார்கள். இருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த நவம்பரில், பல குழுக்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி வசதி வந்தது. அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. விலையும் புதுச் சரக்கும் இப்போது அதில்தான். பேச விரும்புகிறவர்களுக்குத் தனிக் குழு. அங்கே எண் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் சேர்க்கிறேன்.

சாதிப் பெருமை, கட்சிச் சண்டை எது வந்தாலும் நீக்கிவிடுவேன். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. நம் பக்கத்தில் ஒரு வரி போதும், பத்து வீட்டுப் பேச்சு நின்றுபோகும்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. பொங்கல் பானைக்குப் பணம் வாங்கியிருந்த நேரம். ஈர மண் காயாது, காயாததைச் சூளையில் வைக்க முடியாது. "பானை கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியவில்லை, பணம் வேண்டுமானால் திருப்பித் தருகிறேன்" என்று போட்டேன். திருப்பிக் கேட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் பானை செய்கிற வேளார் வீடுகள் எப்படி இருக்கின்றன, அரிசி அனுப்பலாமா என்று கேட்டார்கள். அன்று வாய்விட்டு அழுதுவிட்டேன்.

குறையும் உண்டு. பழைய பதிலைத் தேடி எடுப்பது பெரும்பாடு. அதனால் சட்டி பழக்கும் முறையைக் குழு விவரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி நேரம் இதற்கே போய்விடும், வீட்டில் வருத்தம்தான். விற்பனை கூடியதா என்று கேட்டால், பேசுகிறவர்கள் இரண்டாவது சட்டிக்கு வருகிறார்கள், வரும்போது மதினியையோ கொழுந்தியாளையோ கூட்டி வருகிறார்கள்.

நேற்று ராத்திரி புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இண்டக்‌ஷன் அடுப்பில் சட்டியை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வழக்கம்போல அரை மணி நேரம் பொறுத்தேன். "அதுல மண்சட்டி சூடாகாதும்மா, கேஸ் அடுப்புல சிம்ல வச்சு ஆரம்பி. முதல்ல கஞ்சி ஊத்திப் பழக்கிட்டியா?" என்று பதில் வந்திருந்தது. எழுதியவர் அந்தச் சென்னை அம்மா.