அட்டிக்கில் வௌவால்: பரிசோதனை செய்துவிட்டு வேலையை மறுத்த நிறுவனம்

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டின் அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில்) வௌவால் குடியிருக்கிறதா என்று அறிய, யூன் நடுப்பகுதியில் வனவிலங்கு அகற்றும் நிறுவனம் ஒன்றை அழைத்தோம். பொழுதுபடும் வேளையில் படுக்கையறைக்கு மேலே கேட்ட சுரண்டலை எலியென்று எண்ணி, அதற்கு முன்பு இரண்டு வாரம் பொறி வைத்து ஏமாந்திருந்தோம்.

வந்தவர் ஏணியைத் தொடுவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்தார். கூரையின் விளிம்புப் பலகையும் செங்கற்சுவரும் சேருமிடத்தில், என் சுண்டுவிரலும் நுழையாத இடுக்கின் ஓரத்தில் எண்ணெய் படிந்தாற்போல் இருந்த பழுப்புக் கறையைக் காட்டி, வௌவால்கள் நாள்தோறும் உடலை உரசிப் போய்வருவதால் உண்டாகும் தடம் அதுவென்றார். ஒரு சென்ரிமீற்றர் அளவு இடைவெளியே அவற்றுக்குப் போதுமாம். பிறகு முகக்கவசமும் கையுறையும் அணிந்து மேலே ஏறி, இன்சுலேஷன் (குளிர்தடுப்புப் பஞ்சு) மீது கிடந்த எச்சத்தைக் காகிதத்தில் எடுத்துவந்து நசுக்கிக் காட்டினார். எலிப்புழுக்கை இறுகிக் கிடக்கும். இதுவோ தூளாக உதிர்ந்து, பூச்சிச் சிறகுகளின் துணுக்குகள் மினுங்கின. ஊரில் மாமரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவாலையே அறிந்திருந்த எனக்கு அந்த மினுக்கம் புதுமையாக இருந்தது. அன்று மாலை மீண்டும் வந்து, அந்த இடுக்கிலிருந்து 14 வௌவால்கள் வெளியேறியதை முற்றத்தில் நின்று எங்களுடன் சேர்ந்து எண்ணினார்.

உடனே இடுக்கை அடைத்துவிடும்படி நான் வற்புறுத்தியபோது அவர் மறுத்துவிட்டார். யூன், யூலை மாதங்களில் பறக்கவியலாத குட்டிகள் உள்ளே இருக்கும். அடைத்தால் அவை அங்கேயே மடியும், தாய்கள் வேறு வழி தேடி வீட்டுக்குள் இறங்கவும் கூடும். அதோடு, 2006 இல் நியூயோர்க் மாநிலத்தில் முதன்முதலாக அறியப்பட்ட, வௌவால்களைத் தாக்கும் பூஞ்சை நோயான வெண்மூக்கு நோயால் பெருமளவில் மடிந்த சிறு பழுப்பு வௌவால், கனடாவில் 2014 முதல் அழிவுறும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. கையில் வந்த வருமானத்தைத் தள்ளிப்போட்ட இந்த நேர்மைக்காகவே நிறுவனத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. மாலைப் பார்வைக்குத் தனிக்கட்டணம் என்பதைத் தொலைபேசியில் சொல்லவில்லை. அறிக்கையிலுள்ள படங்களில் எது எந்த மூலை என்ற குறிப்பில்லை. இவற்றினும் பெரிது, யாரேனும் உறங்கிய அறைக்குள் வௌவால் வந்ததா என்று அவர் ஒருமுறையேனும் கேட்காதது. வௌவால் கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம் என்பதாலும், அக்கடியால் தொற்றக்கூடிய விசர்நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது என்பதாலும், அப்படி நேர்ந்திருந்தால் உடனே பொதுச் சுகாதாரப் பிரிவுடன் பேசவேண்டும். பரிசோதனைக்கு வருபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

உள்ளிருப்பவை வெளியேற மட்டும் வழிவிடும் ஒருவழிக் கதவைப் பொருத்த ஓகஸ்ட் பிற்பகுதியில் நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை அட்டிக் மூடியின் விளிம்பை ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டு, மேலே எழும் சுரண்டலைக் கேட்டபடியே உறங்குகிறோம்.