குயிலாப்பாளையம் சாலைக் கடையும் வாங்காமல் விட்ட சோபாவும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சென்ற ஆண்டு நாங்கள் குடிவந்த மாடி வீட்டின் கூடம் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. அதற்கு ஒரு சோபா வாங்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் குயிலாப்பாளையம் போகும் சாலையில் இருக்கும் பழைய மரச்சாமான் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். நான்கு மாதங்கள் கழித்து எங்கள் வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு பலாமரப் பெஞ்சு, ஒரு தேக்கு அலமாரி ஆகிய மூன்றும் இருக்கின்றன, சோபா இல்லை. அந்த வட்டாரத்தில் பழைய சாமான் தேடிப் போக நினைப்பவர்களுக்காக, என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன்.

சோபா எங்களுக்குப் புதிதும் அல்ல. முந்தைய வீட்டில், கைப்பேசியில் பார்த்த ஒரு படத்தில் மயங்கி, பெரிய ஷோரூம் ஒன்றில் 34,000 ரூபாய் கொடுத்துச் சாம்பல் நிறத் துணி சோபா வாங்கினோம். துணிக்கு உள்ளே இருந்தது மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு என்பது, ஐப்பசி மழையில் பால்கனித் தண்ணீர் உள்ளே வந்து அடிப்பலகை உப்பியபோதுதான் தெரிந்தது. அந்தப் பலகை ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. கடற்காற்றில் ஆணிகளும் துருப்பிடித்தன. இரண்டாம் ஆண்டு முடிவில் அதை எடுத்துப்போக ஆள் தேடினோம்.

குயிலாப்பாளையம் சாலைக் கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எவ்வளவு செலவு செய்யப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. “வீட்ல எல்லாரும் எங்க உட்காருவீங்க, தம்பி?” என்றுதான் கேட்டார். கூடத்தில் என்றேன். “உட்கார வேண்டிய இடத்தைக் கேக்கல. உட்கார்ற இடத்தைக் கேட்டேன்” என்றார். வீட்டைக் கூட்டி ஒழுங்குபடுத்தாமல், காலை, மாலை நான்கு மணி, இரவு என மூன்று வேளையும் படம் எடுத்துவரச் சொன்னார். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுத்தேன். மாலைப் படத்தில் அம்மா பால்கனிக் கதவுநிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் அவருக்கு எதிரில் கால்நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நானும் மனைவியும் காப்பியோடு நின்றுகொண்டிருந்தோம். சோபாவுக்கென்று நான் அளந்து வைத்திருந்த சுவரோரத்தில் எந்தப் படத்திலும் ஓர் ஆள்கூட இல்லை. பிற்பகலில் கடற்காற்று வரும் வழி பால்கனிக் கதவுதான் என்பதால், குடும்பம் முழுவதும் தன்னையறியாமல் அங்கே கூடிவிடுகிறது.

புதுச்சேரியில் மரச்சாமான் வாங்கப் போனால் ‘பிரெஞ்சு ஸ்டைல்’ என்ற சொல்லைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர் மாளிகைகளின் உயரமான கூரைக்கும் அகலமான கூடத்துக்கும் அளவெடுத்த பெரிய கட்டில்களையும் கண்ணாடி பதித்த அலமாரிகளையும் பத்தடி அறைக்குள் கொண்டுவந்தால் மூச்சு முட்டும். அதே வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழ் வீடுகளில் மரச்சாமான் மிகக் குறைவு. ஓர் ஊஞ்சல், ஒரு பெட்டி, சுருட்டி வைத்த கோரைப்பாய், அவ்வளவுதான். இந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு மரபும் உண்டு, அதை யாரும் கடையில் சொல்வதில்லை. 1930-களின் இறுதியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட, கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் சார்பில் இங்கே வந்து தங்கிய ஜார்ஜ் நாகஷிமா, அந்த அறைகளுக்கான மரச்சாமான்களையும் தேக்கில் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக்காகவே உலகப் புகழ் பெற்றவர் அவர். செதுக்கு வேலையின்றி, மரத்தின் ரேகையை மட்டும் நம்பும் அந்த எளிமையும், தரையை விட்டு அதிகம் உயராத நம் வீட்டுப் பழக்கமும்தான் என் ரசனை என்பது, அதுவரை நான் சேமித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றிலிருந்தும் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

இந்தக் கடையை நான் பரிந்துரைக்க முக்கியக் காரணம், 2,000 ரூபாய் முன்பணம் கட்டினால் ஒரு நாற்காலியை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருகிறார்கள் என்பதே. முதலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ள நீண்ட கைகளுடன் வரும் தோட்டத்துரை நாற்காலியை எடுத்துவந்தோம். மாமனாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று, ஆனால் அவர் சாய்ந்தால் மற்றவர்கள் பால்கனிக்குப் போக அவருடைய காலைத் தாண்டவேண்டியிருந்தது. அடுத்து செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட, சாய்மானத்தில் கொடி செதுக்கிய ஈட்டிமர நாற்காலி. பார்க்க அரசியைப்போல் இருந்த அதில், அந்த ஏழு நாளும் மடித்த துணிதான் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது, சிறிய கைவைத்த தேக்கு நாற்காலி. இருக்கையிலும் முதுகிலும் பிரம்பு. வந்த அன்றே மகள் அதை ஒற்றைக் கையால் இழுத்துக் கதவருகே போட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விலை 9,500 ரூபாய்.

பிரம்பு நாற்காலி வாங்குபவர்கள் கண்டிப்பாக அதைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். சட்டத்தின் ஓரம் முழுக்க அரை அங்குல இடைவெளியில் சிறு துளைகள் இருந்து, ஒவ்வொரு துளை வழியாகவும் பிரம்பிழை ஏறி இறங்கினால் அது கையால் பின்னியது. ஓர் இழை அறுந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றிப் பின்னலாம். துளைகளுக்குப் பதிலாக ஒரு பள்ளம் ஓடி, அதற்குள் பசை தடவிய பிரம்புத் தண்டு அழுத்தப்பட்டிருந்தால் அது இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாள். கிழிந்தால் முழுவதையும் எடுத்துத்தான் மாற்றவேண்டும். எங்களுடையது துளை வைத்தது. முன்ஓரத்தில் நான்கு இழைகள் புதியவை என்பதால் மற்றவை தேன் நிறத்திலும் அவை மட்டும் வைக்கோல் நிறத்திலும் இருக்கின்றன. அந்த ஒட்டு தெரிவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தொய்ந்த பிரம்பை அடிப்பக்கமாக ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவைத்தால் ஓரளவு இறுகும் என்று கடை ஆசாரி சொன்னார். செய்து பார்த்தேன், இறுகியது.

பெஞ்சு பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் விழுந்த மரம் அது என்று கடைக்காரர் சொல்வதை அவருடைய வார்த்தைக்காகத்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும், ஏனெனில் பலாவென்று எதைக் காட்டினாலும் இந்தப் பக்கத்தில் அந்தக் கதையும் சேர்ந்தே வருகிறது. பலாதான் என்பதில் சந்தேகமில்லை: மேற்பலகை பழுப்பேறியிருந்தாலும், ஆசாரி அடிப்பக்கத்தில் உளியை லேசாக ஓட்டிக் காட்டியபோது உள்ளே மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. உயரம் 14 அங்குலம். அம்மா அதில் உட்காருவதில்லை, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்.

அலமாரியில்தான் குறைகள். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னது ஏழு வாரம் ஆனது. மெருகுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பழைய முறையைக் கேட்டிருந்தேன். முன்பக்கம் மட்டும் அப்படியிருந்தது, பக்கவாட்டில் மெலமைன் என்ற செயற்கைப் பூச்சு பளபளத்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் தேய்த்தெடுத்துச் சரிசெய்தார்கள் என்றாலும், சொல்லாமல் விட்டிருந்தால் அப்படியே வந்திருக்கும். பழையவை என்று காட்டிய பித்தளைக் கைப்பிடிகள் புதிய வார்ப்பு. பின்பக்கத் திருகாணிகளில் நட்சத்திரத் தலை இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். அதற்காக 28,000 ரூபாயில் 1,500 குறைத்தார்கள். சென்னைப் பதிவெண் காரில் வந்தவர்களிடம் இதேபோன்ற அலமாரிக்கு 40,000 சொன்னதையும் என் காதால் கேட்டேன், எனவே பேரம் பேசத் தயங்கவேண்டாம்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டிக்கூலி தனி, மாடி ஏற்ற ஆள்கூலியும் தனி. போகும்போது படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தை அளந்து எடுத்துப்போங்கள். நாங்கள் அளக்காததால் அலமாரியைக் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றவேண்டியிருந்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அதன் கீழ் இழுப்பறை இறுகிக்கொள்கிறது. மரம் ஈரத்தில் விரிந்திருக்கிறது, தை மாதம் வரை இழைப்புளி வைக்காதீர்கள் என்று ஆசாரி சொல்லிவிட்டார். அதுவரை ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.