ஆயில் பெயிண்டிங் என்று சொல்லி அச்சுப்படத்தைக் கொடுத்தார்கள்

பினாங்கில் ஓவியம் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் பரிசாகத் தர, மாதாமாதம் ஒதுக்கிய காசு 1,800 வெள்ளி. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த ஆட்ட நிலையில், ஒரு பெண். முகத்தில் பச்சையும் ஊதாவும் வீசியடித்திருந்தது, ஆட்டப் புடவையின் முன்பக்க விசிறி மடிப்பு தீப்பிடித்த மாதிரி சிவப்பு. பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது.

கடைக்காரரிடம், "அலபத்மத்தில், அந்த விரிந்த தாமரை முத்திரையில், விரல் சரியாக விரியவில்லையே தம்பி" என்றேன். "இது எக்ஸ்பிரஷனிஸ்ட் ஸ்டைல் அக்கா, உணர்ச்சியைக் காட்ட உருவத்தை மாற்றி வரைவது, அப்படித்தான் இருக்கும். போன மாசம்தான் வரைந்தது, ஒரிஜினல் ஆயில், இது ஒன்றுதான் இருக்கு" என்றார். நம்பினேன்.

வீட்டுக்கு வந்த ஓவிய ஆசிரியை ஒருவர் படத்தின் அருகில் மூக்கை வைத்துப் பார்த்தார். வாசமே இல்லை. ஆயில் பெயிண்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றோடு சேர்ந்துதான் இறுகும். அவ்வளவு தடிப்பாகப் பூசினால் உள்ளே இறுகப் பல மாதம் ஆகும். போன மாதம் வரைந்தது எப்படி இப்படிக் கல்லாக இருக்கும்?

அப்புறம் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். விசிறி மடிப்பின் நிறம் மேலிருந்து கீழே ஓடுகிறது, தூரிகைத் தடமோ குறுக்கே போகிறது! கேன்வாஸில் அச்சடித்து, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தடவியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் கன்னம் முழுக்க அச்சு மையின் பொடிப் பொடிப் புள்ளிகள். எனக்கு வயிறு எரிந்தது. 1905 வாக்கில் ஜெர்மனியில் கிளம்பிய இந்தப் பாணியில், வரைந்தவரின் கை போன வேகம்தானே படத்துக்கு உயிர்! அதையே பொய்யாகப் பூசி விற்றிருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் 'ஹியாசான் டிண்டிங்', அதாவது சுவர் அலங்காரம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. தயவுசெய்து ரசீதில் 'கையால் வரைந்த அசல் ஆயில் ஓவியம்' என்று எழுதி வாங்காமல் காசை எடுக்காதீர்கள். நல்லவேளை, 'ஒரிஜினல் ஆயில்' என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். வாங்கி மூன்று வருடத்துக்குள் போகவேண்டும். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

என் படத்தில் இடது கால் சலங்கைக்குக் கீழே ஒரு சிவப்புச் சொட்டு நீளமாக வழிந்து, நுனியில் லேசாக வலப்பக்கம் வளைந்திருக்கும். உங்கள் வீட்டுச் சுவரிலும் அதே சொட்டு இருந்தால், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விசாரணையில் காட்டவேண்டும்.