850 ரூபாய் வேதியியல் பெட்டியும் மாமனாரின் துரிசும்

பிள்ளைகள் வீட்டிலேயே சோதனை செய்து பார்க்கிற இந்த வேதியியல் பெட்டி, கேரளப் பக்கம் பாறசாலையில் ஒரு கடையில் வாங்கியது. எங்களுக்குக் களியக்காவிளை தாண்டினால் பாறசாலைதான். மகன் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். அமிலம், காரம், இடப்பெயர்ச்சி வினை என்று உருப்போடுகிறானே தவிர, எதையும் கண்ணால் பார்த்ததில்லை. சரி, 850 ரூபாய் போனால் போகட்டும் என்று வாங்கிவிட்டேன்.

சோதனைக் குழாய்கள் நல்ல கனம். ஒருமுறை கைதவறி விழுந்தும் உடையவில்லை. அவற்றை நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கி மட்டும் ஆடுகிறது.

லிட்மஸ் தாளில்தான் கோளாறு. அமிலம் பட்டால் நீலத் தாள் சிவக்கும், காரம் பட்டால் சிவப்புத் தாள் நீலமாகும். நீலக் கட்டு பாதிக்குமேல் சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்த சிட்ரிக் அமிலப் பொட்டலம் ஓரத்தில் கிழிந்து, மழைக்கால ஈரமும் சேர்ந்துகொண்டது. காய்ந்த பொடி சும்மா கிடந்திருந்தால் தாள் அப்படியே இருந்திருக்கும். தண்ணீர் பட்டால்தான் அமிலம் வேலையைக் காட்டும். கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "மழையல்லே சேச்சி" என்று சிரித்தாரே தவிர மாற்றித் தரவில்லை.

மிச்சமிருந்த தாள்களில் மகன் செய்த முதல் சோதனை மிளகாய்த் தண்ணீர். "மிளகாயும் காரம்தானே?" சிவப்பு லிட்மஸ் சிவப்பாகவே இருந்தது. சலவைச் சோடாக் கரைசலில் முக்கியதும் நீலமாயிற்று. நாக்கின் காரம் வேறு, பாடப்புத்தகத்தின் காரம் வேறு என்பதை இனி மறக்கமாட்டான்.

அப்புறம் காப்பர் சல்பேட். நீலப் படிகத்தைப் பார்த்ததும் மாமனார், "மக்களே, இது நம்ம துரிசுல்லா!" என்றார். மழைக்கு முன்னால் ரப்பர் இலை உதிராமலிருக்க போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அடிப்பாரே, அதில் போடுகிற அதே துரிசு. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. கலக்கி முடித்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார். செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்புப்பால் ஊற்றுவார்.

கையேட்டில் இரும்பு ஆணியை வைத்துச் செய்யச் சொல்லும் சோதனையும் இதேதான். செம்பைவிட இரும்பு வினைத்திறன் கூடியது. அதனால் இரும்பு கரைசலுக்குள் போக, செம்பு வெளியே வந்து ஆணியில் படிகிறது. மகன் உருப்போடும் இடப்பெயர்ச்சி வினை இதுதான். ராத்திரி போட்ட ஆணி காலையில் செம்பழுப்பாக இருந்தது, கரைசலின் நீலமும் வெளிறியிருந்தது. தாத்தா ஏன் துரிசை இரும்பு வாளியில் கரைக்க விடமாட்டார் என்று மகன் அவனாகவே சொன்னான். இத்தனை வருஷம் நானும் அதை அவருடைய பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கையேடு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தான். எதைக் கலக்க வேண்டும் என்று இருக்கிறது, ஏன் அப்படி ஆகிறது என்று ஒரு வரி இல்லை. துரிசு விஷம், தொட்டால் கை கழுவ வேண்டும் என்பதுகூட இல்லை. கூட உட்கார்ந்து சொல்லித்தர வீட்டில் ஆள் இருந்தால் வாங்கலாம். பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்கிற பெட்டி இல்லை இது. வாங்குவதாக இருந்தால் கடையிலேயே பிரித்து லிட்மஸைப் பார்த்துவிடுங்கள்.

மெக்னீசியம் நாடாவை நாங்கள் எரிக்கவில்லை. அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் கையேட்டில் இல்லாததால், அதை மட்டும் பள்ளிக்கூடத்து சாரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.